சர்க்கார் போட்ட நேர்கோடு

சர்க்கார் ஒரு கோடு போட்டால் அது நேர்கோடுதான். இதில் குடிமக்களுக்குச் சந்தேகம் வந்துவிடக் கூடாது என்பதற்காகவே கோடு போட ஓர் இலாகா, போட்ட கோட்டைப் பார்வையிட ஓர் இலாகா, பார்வையிட்டாயிற்று என்று கையெழுத்துப் போட இன்னோர் இலாகா என்று கோலாலம்பூரில் வரிசையாகக் கட்டிடங்களை எழுப்பி, அவற்றில் மின்விசிறியும் மாட்டியிருந்தார்கள்.

முப்பதுகளின் நடுவில் அந்த ஊரில் மோட்டார் மோகம் முற்றியிருந்தது. பிரிக்பீல்ட்ஸில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, மோட்டார் வாங்கினார் என்று சின்னக் கிராணி வாங்கினார். சின்னக் கிராணி வாங்கிவிட்டாரே என்று பெரிய கிராணி முதல் மோட்டாரை விற்று இன்னும் நீளமானதாக வாங்கினார். ஓட்டத் தெரியுமா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை, அது மரியாதைக் குறைவு. ஆக, சாலையில் ஓட வேண்டிய மோட்டார்கள் பாதிக்கு மேல் சாக்கடையில் கிடந்தன. சர்க்கார் ஆழ்ந்து ஆலோசித்து, ஜனங்கள் குடித்துவிட்டு ஓட்டுவதே காரணம் என்று கண்டுபிடித்தது. அந்தக் கள்ளை சர்க்கார் கள்ளுக்கடையில்தானே விற்கிறீர்கள் என்று கேட்கலாம். கேட்கக் கூடாது, அது வேறு இலாகா.

குடித்தவனைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை வேண்டுமல்லவா? கிள்ளான் சாலையை ஒட்டிய ஒரு போலீஸ் ஸ்டேஷனில் அதற்கு ஏற்பாடாயிற்று. பெயர் சொன்னால் யாருடைய பென்ஷனாவது தடைபடும், விட்டுவிடுவோம். ஸ்டேஷன் கூடத்தின் தரையில் வாசலிலிருந்து எதிர்ச்சுவர் வரை வெள்ளைப் பெயிண்டில் ஒரு நேர்கோடு. சுவரில் மாட்சிமை தங்கிய மன்னரின் படம். சந்தேகத்துக்கு உரியவன் மன்னரைப் பார்த்தபடியே கோட்டின்மேல் நடக்க வேண்டும். குனிந்து தரையைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அது மன்னருக்கு அவமதிப்பு, அதோடு பரீட்சையில் காப்பியடிப்பதற்கும் சமம். சொன்னபடி கோட்டின்மேல் போய்ச் சேர்ந்தவன் நிதானமுள்ளவன். விலகியவன் குடிகாரன்.

நல்ல ஏற்பாடுதான். அந்தக் கோட்டைப் போட்டவன் ரெங்கசாமி என்ற பெயிண்டர் என்பதும், அன்று சம்பள நாள் என்பதும்தான் சங்கடம். சம்பள நாளில் ரெங்கசாமி நேரே கள்ளுக்கடைக்குப் போய் இரண்டு மங்குக் கிண்ணம் நிறையக் கள்ளு போட்டுவிட்டுத்தான் எந்த வேலையும் தொடுவான். வாளியோடு உள்ளே வந்தவனிடம் ஸ்டேஷன் பொறுப்பிலிருந்த சார்ஜன், "மன்னர் படத்துக்கு முன்னால குனிஞ்சு நிக்காதே, படத்தைப் பார்த்துக்கிட்டே வேலை செய்" என்று உத்தரவு போட்டார். ரெங்கசாமி அப்படியே செய்தான். கண்ணை மன்னர்மேல் வைத்து, நீளக் கம்பில் கட்டிய தூரிகையைப் பின்னால் இழுத்துக்கொண்டு நடந்தான். கோடு கொஞ்ச தூரம் நேராகப் போயிற்று. நடுவில் இடது பக்கம் வயிறு தள்ளிற்று. பிறகு வீட்டு ஞாபகம் வந்ததுபோலத் திரும்பி மன்னரின் காலடியில் போய் முடிந்தது. பார்வையிட வந்த அதிகாரி, பெயிண்ட் ஈரமாக இருக்கிறது என்று வாசலில் நின்றே பார்த்து, "திருப்தி" என்று எழுதிவிட்டுப் போனார்.

இனி கிளாரன்ஸின் கதைக்கு வருவோம். அவன் பிரிக்பீல்ட்ஸுக்கும் கிள்ளானுக்கும் நடுவில் வாடகை மோட்டார் ஓட்டினான். ரயில்வேயில் தண்டவாளம் தூக்கியவரின் மகன், மெதடிஸ்ட் சபை. மதுவிலக்குச் சங்கத்தில் உதவிக் காரியதரிசி. கூட்டத்துக்கு முன்னால் நாற்காலி போடுவதும் கூட்டம் முடிந்தபின் நாற்காலி மடக்குவதும் அந்தப் பதவியின் பொறுப்புகள். ஆனால் அவன் குடிக்காததற்குச் சங்கம் காரணமில்லை, சாந்தமேரிதான் காரணம்.

சாந்தமேரியின் அப்பா ரபேல், கிள்ளான் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கள்ளிலிருந்து இன்னும் ஓய்வு பெறவில்லை. பெண் பார்க்கப் போன அன்று சாந்தமேரி கிளாரன்ஸிடம் வேலையைக் கேட்கவில்லை, சபையைக்கூடக் கேட்கவில்லை.

"குடிப்பீங்களா?" என்றாள்.

"தொட்டதே இல்ல."

"என்னிக்காவது எங்கப்பா வாசனையோட வாசப்படி மிதிச்சீங்கன்னா, அன்னிக்கே நான் கிளம்பிடுவேன். இப்பவே சொல்லிட்டேன்."

கிளாரன்ஸ் பைபிளைத் தொட்டு சத்தியம் செய்தான். கல்யாணமாகி வந்த வீட்டில் அவள் ஆப்பத்துக்குக்கூடக் கள்ளு ஊற்றிப் புளிக்க வைக்க மாட்டாள். மாவு பொங்காவிட்டால் போகட்டும் என்பாள். இப்படியாக அந்த வீட்டில் ஆப்பம் தட்டையாகவும் வாழ்க்கை நேராகவும் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கிள்ளானில் மாதா கோயில் திருநாள் முடித்து மாமனாரைப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு கிளாரன்ஸ் வந்துகொண்டிருந்தான். ரபேல் திருநாளை நன்றாகவே கொண்டாடியிருந்தார். பின்னால் சாய்ந்துகொண்டு லத்தீன் பாட்டும் கள்ளுக்கடைப் பாட்டும் மாற்றி மாற்றிப் பாடினார். சாலையோர மலாய்க் கிராமத்திலிருந்து ஓர் எருமை சாலைக்கு ஏறியது. கிளாரன்ஸ் அதன் உயிரை மதித்துத் திருப்பினான். முன் சக்கரம் சாக்கடையில் இறங்கிற்று. எருமை போய்விட்டது, போலீஸ் வந்துவிட்டது. வண்டிக்குள் தலையை விட்ட கான்ஸ்டபிள் மூக்கைப் பொத்திக்கொண்டு கிளாரன்ஸை வெளியே இழுத்தார். மோட்டாரில் கள்ளு வாசனை. மோட்டாருக்குப் பொறுப்பு டிரைவர். ஆகவே டிரைவர் குடித்திருக்கிறான். இதில் எங்கே ஓட்டை?

ஸ்டேஷனில் சார்ஜன் மலாயில் பேச, கிராணி அய்யாவு அதைத் தமிழில் சொல்லி, பதிலை எழுதிக்கொண்டார். அய்யாவுக்கு வாய் ஒரு வேலையும் கை ஒரு வேலையும் பார்க்கும்.

"நீ ஒண்ணும் பேச வேண்டியதில்ல. அது உன் உரிமை. பேசினா எழுதிக்குவோம்."

கிளாரன்ஸ் பேசாமல் நின்றான். அய்யாவு எழுதினார்: 'வாய் திறக்க முடியாத நிலை.'

"ஐயோ அண்ணே, நான் நல்லாப் பேசுவேன்! நீங்கதானே பேச வேண்டாம்னு சொன்னீங்க?"

'கேட்காமலே உளறுகிறான்' என்று அடுத்த வரி விழுந்தது.

"வாசனை என்கிட்ட இல்லண்ணே. பின்னாடி இருந்தாரே, மாமா, அவருகிட்ட."

'பெரியவர்கள்மேல் பழி போடுகிறான்.'

"சரி, நடக்கச் சொல்லுங்க. நடந்து காட்டுறேன்" என்றான் கிளாரன்ஸ். அவனுக்குத் தன் காலில் நம்பிக்கை இருந்தது.

மன்னரைப் பார்த்தான், நடந்தான். அம்பு போல நேராகப் போய் மன்னரின் காலடியில் நின்றான். திரும்பிப் பார்த்தால் சார்ஜன் தரையைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நடுவில் கோடு எங்கேயோ இருந்தது, இவன் நடந்த வழி எங்கேயோ இருந்தது.

"விலகிட்டே லா" என்றார் அய்யாவு.

"நான் விலகலண்ணே! கோடு வளைஞ்சிருக்கு, பாருங்க!"

அய்யாவு இரக்கத்தோடு சிரித்தார். "குடிச்சவனுக்கு எல்லாம் வளைஞ்சுதான் தெரியும், தம்பி."

அதையும் எழுதிக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் சாக்கடையில் நின்ற மோட்டாரிலிருந்து தானாகவே இறங்கி வந்த ரபேல் ஸ்டேஷன் வாசலில் நின்றார். எதிரே மன்னரின் படத்தைக் கண்டதும் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு உள்ளே நடந்தார். கொஞ்ச தூரம் நேராக வந்தார். நடுவில் இடது பக்கம் ஒதுங்கினார். பிறகு திரும்பி மன்னரின் காலடியில் போய் நின்று சலாம் போட்டார். ஒரு விரற்கடை பிசகவில்லை. சார்ஜன் எழுந்து நாற்காலி போட்டார். நிதானமுள்ள ஒரு பெரியவரின் பொறுப்பில் என்று எழுதி, லைசென்ஸை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு, கிளாரன்ஸை அவர் கையில் ஒப்படைத்தார்கள்.

வெளியே வந்ததும் ரபேல் மருமகனின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மாப்ளே, அது ரெண்டு மங்குக் கோடு. அன்னிக்கு நானும் ரெங்கசாமியும் ஒண்ணாத்தான் குடிச்சோம். ரெண்டு மங்குக்கு அப்படித்தான் நடுவுல இழுக்கும், அப்புறம் வீட்டு ஞாபகம் வந்து திரும்பும். ஒரு மங்குன்னா பத்தாது. மூணுன்னா சுவத்துல முட்டிக்குவே. சம்சுச் சாராயம் குடிச்சா கணக்கே வேற."

"அப்ப இதைக் கோர்ட்டுல வந்து சொல்லுங்க மாமா."

"சொல்றேன். ஆனா நிதானமா இருந்தா எனக்கு ஞாபகம் வராது. குடிச்சிட்டு வந்தா சாட்சி செல்லாது. எப்படி வசதி, நீயே சொல்லு."

ரபேலை விட்டுவிட்டு வக்கீல் கார்த்திகேசுவைப் பிடித்தான் கிளாரன்ஸ். யாழ்ப்பாணத்துக்காரர், சீமையில் சட்டம் படித்தவர். மனித உரிமை என்றால் அவருக்குக் கண் கலங்கும். மனிதனைப் பார்க்க மட்டும் அவருக்கு நேரம் இருப்பதில்லை.

"நீர் பயப்படாதையும், ஐசே. உம்முடைய வழக்குச் சின்னது. உம்முடைய உரிமை பெரிசு."

"லைசென்ஸ் கிடைக்குமா ஐயா? ஓட்டினாத்தான் சாப்பாடு."

"நீர் குடிச்சீரோ இல்லையோ, அதை என்னட்டைச் சொல்லாதையும். அது வழக்குக்குத் தேவையில்லை."

"குடிக்கலீங்க ஐயா!"

"சொல்லாதையும் எண்டு சொன்னனான். இப்ப நான் அதை நம்ப வேண்டிக் கிடக்கு."

கோர்ட்டில் கார்த்திகேசு காலையிலிருந்து பேசினார். எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவனுக்கு, மௌனமாக இருக்கும் உரிமை உண்டு, பேசும் உரிமை உண்டு, தன் பாஷையில் கேட்கும் உரிமை உண்டு, கேட்டதை மறுக்கும் உரிமை உண்டு. எல்லாவற்றையும் மாஜிஸ்திரேட் துரை மனமார ஒப்புக்கொண்டார். கடைசியில்தான் கோடு வளைந்திருக்கிறது என்ற விஷயத்துக்கு வந்தார். துரையின் முகம் மாறிற்று.

"இந்தக் கோட்டை வைத்து இதுவரை எத்தனையோ பேர் தண்டிக்கப்பட்டிருக்கிறார்கள், தெரியுமா?" என்றார் துரை. மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் முழங்கினார்.

"தெரியும், கனம் கோர்ட்டார் அவர்களே."

"கோடு வளைந்திருந்தால் அவர்கள் எல்லாரும் நிரபராதிகள் ஆகிவிடுவார்கள்."

"ஆவார்கள்."

"ஆனால் அவர்கள் தண்டிக்கப்பட்டவர்கள். நிரபராதிகளை இந்தக் கோர்ட் தண்டிக்காது. ஆகவே கோடு வளைந்திருக்க முடியாது."

கார்த்திகேசுவே ஒரு நிமிஷம் தலை வணங்கினார். அவ்வளவு அழகான தர்க்கம். ஆனாலும் விடவில்லை. சம்பவ இடத்தை நேரில் பார்க்க வேண்டும், அது எதிரியின் உரிமை என்றார். துரை பெருந்தன்மையோடு சம்மதித்து, கிளப்பில் மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தார். சாப்பாட்டோடு கிளப்பில் என்ன கொடுப்பார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

"இதோ நானே நடந்து காட்டுகிறேன். அப்புறம் யாரும் பேசக் கூடாது" என்று துரை கோட்டின் தலைப்பில் நின்றார். மன்னரைப் பார்த்தார், நடந்தார். கொஞ்ச தூரம் நேராகப் போனார், நடுவில் இடது பக்கம் சாய்ந்தார், திரும்பினார், மன்னரின் காலடியில் நின்றார். பூட்ஸ் கோட்டை விட்டு இம்மியும் விலகவில்லை. சார்ஜன் சலாம் போட்டார். அய்யாவு கைதட்டினார்.

"பார்த்தீர்களா? நேர்கோடு" என்றார் துரை, தூணைப் பிடித்துக்கொண்டு.

கிளாரன்ஸுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார்கள். இந்தத் தடவை அவன் வேண்டுமென்றே வளைந்து நடந்து பார்த்தான். ஆனால் தெளிந்த மூளைக்குக் கோணல் பிடிபடவில்லை. இடது பக்கம் போக வேண்டிய இடத்தில் வலது பக்கம் போனான்.

தீர்ப்பு இரண்டே வாக்கியம்: "எதிரியின் எல்லா உரிமைகளும் குறைவின்றி வழங்கப்பட்டன. குற்றவாளி." அபராதம் உண்டு. அதோடு, அதே கோட்டில் நடந்து காட்டி நிதானப் பத்திரம் வாங்கும்வரை லைசென்ஸ் இல்லை.

கார்த்திகேசு வெளியே ஓடி வந்து அவன் கையைக் குலுக்கினார். "வெண்டிட்டம் ஐசே! உம்முடைய உரிமை எல்லாம் ஒண்டும் விடாமல் பதிவாயிட்டுது!"

"லைசென்ஸ் ஐயா?"

"அதெல்லாம் சில்லறை விஷயம்."

அன்று சாயங்காலமே மதுவிலக்குச் சங்கம் அவசரமாகக் கூடிற்று. நாற்காலி போட ஆளில்லாததால் எல்லாரும் நின்றார்கள். தலைவர் ராதாகிருஷ்ணன், ரயில்வேயில் பெரிய கிராணி, கொளுத்தும் வெயிலிலும் கம்பளிக் கோட்டைக் கழற்றாதவர், கண்டனத் தீர்மானம் வாசித்தார். கோர்ட்டாரால் குடிகாரர் என்று ஐயந்திரிபற நிரூபிக்கப்பட்ட கிளாரன்ஸ் என்பவர் நீக்கப்படுகிறார். இனி ஒவ்வோர் அங்கத்தினரும் அரசாங்க நிதானப் பத்திரம் வாங்கி வந்து காட்ட வேண்டும். கைதட்டல்.

மறுநாள் சங்கமே திரண்டு ஸ்டேஷனுக்குப் போயிற்று. ஒருவர்கூடத் தேறவில்லை. ராதாகிருஷ்ணன் பூட்ஸ்தான் காரணம் என்று சொல்லி வெறுங்காலோடு நடந்தார். காலுறையோடு நடந்தார். அந்தக் கம்பளிக் கோட்டைக் கழற்றிவிட்டும் நடந்தார், அதைப் பார்த்தவர்கள் அந்த நாளை மறக்கவில்லை. எல்லாம் நேராகவே போயிற்று. வெளியே தலை குனிந்து உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து ரபேலுக்கு மனம் பொறுக்கவில்லை. பக்கத்தில் போய்க் காதில் ஏதோ சொன்னார்.

அதன் பிறகு பிரிக்பீல்ட்ஸில் ஓர் அதிசயம் நடந்தது. கள்ளுக்கடையின் பின்வாசலில் பட்டப்பகலில் குடை விரித்த பெரிய மனிதர்கள் வந்துபோனார்கள். மழையும் இல்லை, குடை முகத்துக்கு நேரே இருந்தது. அடுத்த வாரமே சங்கத்தில் அத்தனை பேருக்கும் பத்திரம் கிடைத்துவிட்டது. பத்திரத்தைக் கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டுவது நாகரிகமாயிற்று. மாட்டாத வீட்டில் பெண் கொடுக்க யோசித்தார்கள். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் 'நி.ப.' என்று போட்டார்கள், பி.ஏ. படித்தவனே அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டான். சர்க்காரின் வருஷ அறிக்கையில், ஜனங்களிடையே நிதானம் பெருகியிருக்கிறது, கள்ளு வருமானமும் பெருகியிருக்கிறது, இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று எழுதினார்கள்.

ஊரில் பத்திரம் இல்லாதவன் ஒருவன்தான், கிளாரன்ஸ். அதாவது ஊரில் குடிக்காதவன் ஒருவன்தான்.

அவன் மோட்டார் கொட்டகையில் நின்றது. பின் சீட்டில் கோழி முட்டையிட்டது. சாந்தமேரி இடியாப்பம் பிழிந்து ரயில்வே குவார்ட்டர்ஸில் விற்றாள். "ஆப்பம் சுட்டா இன்னும் நல்லா விக்குமே" என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். "ஆப்பத்துக்குக் கள்ளு வேணும், அது இந்த வீட்டுக்குள்ள வராது" என்றாள். அதைச் சொல்லும்போது புருஷனைப் பெருமையாகப் பார்ப்பாள். ஊரே குடிகாரன் என்று சொன்ன அவனை நம்பியது அவள் ஒருத்திதான். அந்தப் பார்வைதான் கிளாரன்ஸை நிற்க வைத்தது, அதுதான் அவனை அறுத்தது.

ஒரு நாள் காலை இட்லிப் பானை ஆவி பட்டு அவள் முழங்கை வரை கொப்புளம் வந்துவிட்டது. வாழைக்குருத்தைச் சுற்றிக்கொண்டு அந்தக் கையாலேயே மறுபடியும் மாவு பிழிய உட்கார்ந்தாள்.

"வேண்டாம் மேரி, இன்னிக்கு விடு."

"விட்டா ராத்திரி சோறு? நீங்க ஒண்ணும் தப்புப் பண்ணல. அது போதும் எனக்கு."

கிளாரன்ஸ் கொட்டகைக்குப் போய்க் கொஞ்ச நேரம் கோழியைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ரபேலைத் தேடிப் போனான்.

கள்ளுக்கடையில் நுழைந்தால் மதுவிலக்குச் சங்கக் கூட்டத்துக்கு வந்துவிட்டோமோ என்று அவனுக்குத் தோன்றியது. எல்லா முகமும் தெரிந்த முகம். ராதாகிருஷ்ணன் மீசையில் நுரையைத் துடைத்துக்கொண்டு துள்ளி எழுந்தார்.

"மிஸ்டர் கிளாரன்ஸ்! கள்ளுக்கடையிலயா? வெட்கமா இல்ல?"

"நீங்க, சார்?"

"நான் பத்திரத்தைப் புதுப்பிக்க வந்திருக்கேன்."

கிளாரன்ஸ் கண்ணை மூடி ஜெபம் பண்ணினான். ஒரு மங்கு உள்ளே போயிற்று. அழுதான். இரண்டாவது மங்கு போயிற்று. அழுகை நின்றது. "போதும், மூணாவது வேண்டாம்" என்று ரபேல் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்தார்.

ஸ்டேஷன் கூடத்தில் மன்னர் இரண்டு பேராகத் தெரிந்தார். எந்த மன்னருக்கு விசுவாசம் காட்டுவது என்று புரியாமல் இருவருக்கும் நடுவில் பார்த்து நடந்தான். கொஞ்ச தூரம் நேரே. நடுவில் இடது பக்கம் ஏதோ இழுத்தது. பிறகு கையில் வாழைக்குருத்தோடு சாந்தமேரி ஞாபகம் வந்தாள், திரும்பினான். கோடு அவன் காலுக்கடியிலேயே இருந்தது.

"இப்பத்தான் தம்பி மனுஷனாயிருக்கே" என்று அய்யாவு தழுதழுத்தார். சார்ஜன் முத்திரை குத்தினார். பத்திரம் வந்தது, லைசென்ஸ் வந்தது. நிதானம் சட்டப்படி ஊர்ஜிதமாகிவிட்டபடியால் கிளாரன்ஸ் கொட்டகைக்கு நடந்து போய், கோழியை இறக்கிவிட்டு, மோட்டாரைக் கிளப்பினான்.

"நான் நடந்தே வரேன் மாப்ளே" என்றார் ரபேல். அவருக்கு அந்தக் கோடு நன்றாகத் தெரியும்.

சாலை நேராக இருந்தது. மோட்டார் கொஞ்ச தூரம் நேராகப் போயிற்று. பிறகு இடது பக்கம் இறங்கி, ஒரு சீனப் பெரியவரின் கீரைத் தோட்டத்துக்குள் புகுந்து, பாத்திகளை வரிசையாக உழுதுகொண்டு அரைவட்டமாகப் போய், வீட்டு ஞாபகம் வந்து மறுபடியும் சாலையில் ஏறிற்று. நல்ல வேளை, எருமை வேறு வேலையாகப் போயிருந்தது.

வாசலில் சாந்தமேரி நின்றாள். அவன் பக்கத்தில் வரும்போதே அவள் முகம் செத்துவிட்டது.

"எங்கப்பா வாசனை" என்றாள்.

"இல்ல மேரி, பாரு. சர்க்கார் முத்திரை போட்டுக் குடுத்திருக்கு. நான் நிதானமா இருக்கேன். இதுவரைக்கும்தான் குடிகாரன், இப்ப இல்ல." அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"இந்த வாசனைக்கு எனக்குப் பத்திரம் வேண்டாங்க. தொட்டில்ல கிடக்கும்போதே தெரியும்."

சண்டை போடவில்லை. உள்ளே போய்த் துணியை மூட்டை கட்டினாள். சொன்ன சொல் மாறாதவள். தெருவில் இறங்கினாள். எங்கே போவது என்று நினைத்தாள். அப்பா வீடு என்றால் அதே வாசனை. அக்கா வீட்டில் அத்தான் போன மாதம்தான் பத்திரத்தைக் கண்ணாடி போட்டு மாட்டினார். சபைக் குருவின் வீட்டைப் பார்த்தாள், ஜன்னல் வழியே கண்ணாடிச் சட்டம் மின்னியது. அந்தத் தெருவின் கோடி வரை நடந்தாள். வீட்டுக்கு வீடு, ஹாலுக்கு ஹால், நிதானம் கண்ணாடிக்குள் தொங்கிற்று. அது இல்லாத வீடு ஒன்றுதான் இருந்தது. அதிலிருந்துதான் அவள் மூட்டையோடு வந்திருந்தாள்.

திரும்பி வந்தாள். வாசப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவன் கையிலிருந்து பத்திரத்தை வாங்கி, அடுப்பில் வைத்தாள். "பசிக்கு ஓட்டுங்க, போய் ஓட்டுங்க. ஆனா இதை மட்டும் என் வீட்டுச் சுவத்துல மாட்டாதீங்க" என்றாள். அப்புறம் அவளும் அழுதாள்.

கீரைத் தோட்டத்து விஷயம் கோர்ட்டுக்குப் போயிற்று. துரை ஆழ்ந்து ஆராய்ந்தார். டிரைவர் நிதானமுள்ளவர் என்று அன்றைய தேதியிலேயே அரசாங்கம் ஊர்ஜிதம் செய்திருக்கிறது. நிதானமுள்ளவர் சாலையை விட்டு விலக மாட்டார். ஆகவே சாலைதான் அவரை விட்டு விலகியிருக்கிறது. சாலையைத் திருத்தி அமைக்க உத்தரவாயிற்று. டயர் தடத்தின்மேலேயே கல்லும் தாரும் கொட்டி, மரியாதையாக ஒரு வளைவு போட்டார்கள். ஓர் இலாகா போட்டது, ஓர் இலாகா பார்வையிட்டது, இன்னோர் இலாகா "திருப்தி" என்றது. தோட்டக்காரச் சீனப் பெரியவருக்காகக் கார்த்திகேசு வாதாடினார். அவருக்கு எல்லா உரிமையும் கிடைத்தது, தோட்டம் தவிர.

கிளாரன்ஸ் அதற்குப் பிறகு ஒரு சொட்டும் தொடவில்லை. பத்திரம் புதுப்பிக்க வேண்டிய நாளில் மட்டும் சாந்தமேரி காலையிலேயே மூட்டையை எடுத்துக்கொண்டு மாதா கோயிலுக்குப் போய்விடுவாள், வாசனை போனபிறகு வருவாள்.

அந்த வளைவு இன்னும் இருக்கிறது. அங்கே மலையும் இல்லை, ஆறும் இல்லை. சாலை தன் பாட்டுக்கு இடது பக்கம் வயிறு தள்ளிப் போய், ஞாபகம் வந்தாற்போலத் திரும்பும். கள்ளு வாசனையே அறியாத நல்ல மனிதர்கள், குடும்பத்தோடு, கண்ணை எதிரே வைத்துக்கொண்டு, ஏன் என்று கேட்காமல் அந்த இரண்டு மங்குக் கோட்டில் பதவிசாகத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். நேராகப் போகிறவனைத்தான் போலீஸ் பிடிக்கிறது.